கொள்ளளவும் கசிவும்: மாதவிடாய் நாப்கின் வடிவமைப்பில் சில சிக்கல்கள்

(கொள்முதற் பணியிலுள்ள அலுவலர்களுக்கும் பொருளியல் மாணவர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மாதவிடாய்க் காலத் தூய்மை நம் நாட்டின் திட்ட ஆவணங்களில் தனித் தலைப்பாக இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. 2011ஆம் ஆண்டில் மத்திய நல்வாழ்வு அமைச்சகம் ஊரகப் பகுதிகளில் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 20 மாநிலங்களைச் சேர்ந்த 152 மாவட்டங்களில், ஆறு நாப்கின்கள் கொண்ட பாக்கெட் ஒன்று 6 ரூபாய்க்கு ஆஷா பணியாளர் வழியாக வீடுதோறும் விற்கப்பெற்றது. விற்ற பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் அப்பணியாளரைச் சேர்ந்தது. 2014 முதல் கொள்முதலை மாநிலங்களே மேற்கொள்ள மத்திய அரசு நிதி வழங்கலாயிற்று. 2018 ஜூன் மாதம் மக்கள் மருந்தகங்களில் நாப்கின் ஒன்று 2 ரூபாய் 50 காசு விலையில் அறிமுகமாயிற்று. 2019 ஆகஸ்டில் அவ்விலை ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. இதனிடையே, 2018 ஜூலையில் நாப்கின் மீதிருந்த 12 சதவீதச் சரக்கு-சேவை வரியும் நீங்கியது.

இம்முயற்சிகளின் பயன் கண்கூடு. 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் தூய்மையான முறையொன்றைக் கையாள்வோர் 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 57.6 சதவீதம்; 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி 77.3 சதவீதம். ஐந்தாண்டுகளுக்குள் இத்தகைய ஏற்றம் கண்ட சமூகநலக் குறியீடுகள் மிகச் சிலவே.

ஆயினும் அதே 2019-21 ஆய்வின் அட்டவணையில் வேறு இரண்டு எண்களும் உள்ளன. அவ்வயதுப் பெண்களில் நாப்கின் பயன்படுத்துவதாகக் கூறியோர் 64 சதவீதம். துணி பயன்படுத்துவதாகக் கூறியோர் 50 சதவீதம். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளைக் குறிப்பிடலாம் என்பதால் கூட்டுத்தொகை நூற்றைக் கடக்கிறது. கணிசமான பெண்கள் இரண்டையும் கையாள்கின்றனர் என்பதே இதன் பொருள். வீட்டிலிருக்கும்போது துணி, வெளியே செல்லும்போது நாப்கின் என்பது ஒரு வகை. கையிருப்பு தீரும்போது துணிக்குத் திரும்புவது மற்றொரு வகை. நாப்கினின் மேலோ கீழோ துணியையும் சேர்த்து வைத்துக்கொள்வது மூன்றாவது வகை. இம்மூன்றாம் வகையினர் எத்தனை பேர் என்று அட்டவணை கூறுவதில்லை. ஆனால் அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்கு மேல் திரும்பும் மாணவிக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும், கட்டட வேலையில் சித்தாளாக நிற்பவருக்கும் உடையில் கறை படிந்துவிடும் என்னும் அச்சம் உண்டு. அச்சம் வீண் எனில் எடுத்துச் சொல்லி நீக்கிவிடலாம். அது பட்டறிவின் விளைவாயிருந்தால், குறை பொருளில் இருக்கிறது. அதை வாங்கிய துறையிலும் இருக்கிறது.

ஏரியும் வரத்துக்காலும்

கசிவு என்றதும், நாப்கின் போதிய அளவு உறிஞ்சவில்லை என்றே எவரும் எண்ணுவர். இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது. ஒரு மாதவிடாய்ச் சுழற்சி முழுவதிலும் வெளியேறும் இரத்தத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை மிகைப்போக்கு என்பர். இரத்தத்துடன் சளியும் கருப்பை உட்படலத்தின் சிதைவுகளும் பிற சுரப்புகளும் கலந்திருப்பதால் மொத்தத் திரவம் இதனினும் கூடுதலாயிருக்கும். அப்படியிருப்பினும், அது நான்கைந்து நாட்களுக்கும் பத்துப் பதினைந்து நாப்கின்களுக்கும் பகிர்ந்து செல்வது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரே நாப்கின் 30 மில்லிலிட்டர் திரவத்தை ஏற்க வேண்டும். அதாவது தரச் சான்று பெற்ற ஒரு நாப்கினின் கொள்ளளவு, கணக்களவில், ஒரு சுழற்சி முழுவதற்குமே ஏறத்தாழ ஈடானது. அத்தகைய பொருள் சில மில்லிலிட்டருக்குள் ஓரத்தில் கசிகிறதென்றால் காரணம் கொள்ளளவு அன்று என்பது தெளிவு.

நீர்ப்பாசனம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஏரி எவ்வளவு பெரிதாயினும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் வெள்ளம் வயலுக்குள் புகும். ஏரியோ பாதி வறண்டே கிடக்கும். கசிந்து போன நாப்கினைப் பிரித்துப் பார்த்தால் இதே காட்சிதான். நடுவில் ஓரிடம் நனைந்து கனத்திருக்கும், ஓரத்தில் கறை இருக்கும். முன்பகுதியும் பின்பகுதியும் புதிது போல் வெண்மையாக இருக்கும். சேமிப்பிடம் வீணாகக் கிடக்க, திரவம் வேறு வழியில் சென்றுவிட்டது.

ஆகவே நாப்கினை ஒரு பஞ்சு மூட்டையாகக் கருதாமல், நான்கு வேலைகளைச் செய்யும் ஓர் அமைப்பாகக் கருத வேண்டும். உடலையொட்டிய மேல்தாள் திரவத்தை உடனே உள்ளே விட வேண்டும். உள்ளே சென்றதைத் திரும்ப விடக்கூடாது. அதன் கீழுள்ள பரப்பு அடுக்கு, திரவத்தை விழுந்த இடத்திலிருந்து நீளவாக்கில் நகர்த்த வேண்டும். மையத்திலுள்ள உறிஞ்சுபகுதி அதைப் பிடித்து வைக்க வேண்டும். அடித்தாள் எதையும் வெளியே விடக்கூடாது. வரத்து, கால்வாய், ஏரி, கரை என்று இவற்றை நினைவிற்கொள்ளலாம்.

இவற்றுள் கால்வாயின் வேலையே கடினமானது. காரணம் இயற்பியலில் உள்ளது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் ஒற்றுத்தாளில் மை பரவுவதும் நுண்புழை ஈர்ப்பினால்தான். இழைகளுக்கு இடையிலுள்ள துளை சிறியதாகச் சிறியதாக ஈர்ப்பு வலுவடையும். ஆனால் துளை சிறியதாயின் திரவம் செல்லும் வேகம் அதைவிட விரைவாகக் குறைந்துவிடும். ஆரம் பாதியானால் ஈர்ப்பு இருமடங்காகும். அத்துளைப் பரப்பினூடே திரவம் ஊடுருவும் எளிமையோ நான்கில் ஒன்றாகிவிடும். வலுவாக இழுப்பது மெதுவாகச் செல்லும். விரைவாகச் செல்வது வலுவாக இழுக்காது. ஒரே வகை இழையை ஒரே அடர்த்தியில் அழுத்திச் செய்யப்படும் நாப்கின் இந்த முரணில் மாட்டிக்கொள்கிறது. மேலே பெரிய துளைகளும் கீழே சிறிய துளைகளும் அமையுமாறு அடுக்குகளை வரிசைப்படுத்துவதே இதற்குக் கண்ட வழி. மேலடுக்கு திடீரென வருவதை ஏற்றுக்கொள்ளும். கீழடுக்கு அதைத் தன்பால் இழுத்து மேலடுக்கைக் காலி செய்து அடுத்த வரவுக்கு ஆயத்தமாக்கும். மாதவிடாய்ப் போக்கு சீரான ஓடை போன்றதன்று. நெடுநேரம் சொட்டுச் சொட்டாக இருந்துவிட்டு, அமர்ந்திருந்தவர் எழுந்து நிற்கும் நொடியில் ஒருசேர வருவது அதன் இயல்பு. மேலடுக்கு காலியாக இல்லாத நாப்கின் அந்நொடியில் தோற்றுப் போகும்.

பழைய துணி ஏன் கசிகிறது என்பதும் இதனால் விளங்கும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி நன்றாகவே உறிஞ்சும். அதன் துளைகள் எல்லாத் திசையிலும் ஒன்று போலிருப்பதால் திரவம் நீளத்தில் பரவும் அளவுக்கே அகலத்திலும் பரவும். அகலம் குறைவாதலால் ஓரத்தை முதலில் எட்டும். கீழே கரையும் இல்லை. துணியை நடுவில் மட்டும் கூடுதலாக மடித்துத் தடித்த முதுகெலும்பு போல் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கு வந்துள்ளது. பொறியியல் நோக்கில் அது சரியான தீர்வே. பெரிய நிறுவனங்கள் நாப்கினின் நடுவே மேடு அமைப்பதும், நீளவாக்கில் வரிகளை அழுத்திப் பதிப்பதும் அதே நோக்கத்துடன்தான். அழுத்தப்பட்ட வரியில் இழைகள் நெருங்கியிருப்பதால் திரவம் அவ்வழியே நீளத்தில் இழுக்கப்படுகிறது. அத்துடன், தொடைகள் நெருக்கும்போது நாப்கின் கண்டபடி சுருங்காமல் அவ்வரியில் மடிகிறது.

மரக்கூழிலிருந்து பாலிமர் வரை

உறிஞ்சுபொருளின் வரலாறு சுவையானது. முதல் உலகப் போரின்போது காயக்கட்டுக்கெனப் பருத்திக்கு மாற்றாக மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட பொருளை, செவிலியர் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்தபின் 1920 வாக்கில் அமெரிக்காவில் அதுவே நாப்கினாக விற்பனைக்கு வந்தது. பஞ்சைவிடக் கூழ் மலிவு என்பது மட்டும் அதன் சிறப்பன்று. பஞ்சு நனைந்ததும் துவண்டு படிந்துவிடும்; துளைகள் மூடிக்கொள்ளும். ஊசியிலை மரங்களின் இழை சற்று விறைப்பானது. நனைந்த பின்னும் ஓரளவு எழும்பி நிற்கும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் தம் முயற்சியின் தொடக்கத்தில் பஞ்சைக் கொண்டு நாப்கின் செய்து தோல்வியுற்றதும், பெரிய நிறுவனங்களின் நாப்கினில் இருப்பது பஞ்சன்று, மர இழை என்பதை அறிய ஈராண்டுக்கு மேல் ஆனதும் பலரும் அறிந்த செய்தி. கூழை அரைத்து, அழுத்தி, ஒட்டி, புற ஊதாக் கதிரால் நுண்ணுயிர் நீக்கும் எளிய பொறிகளை அவர் வடிவமைத்தார். மகளிர் தன்னுதவிக் குழுக்கள் பல அவற்றை வாங்கித் தொழில் தொடங்கின. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவர் தம் நாப்கினைச் சோதித்த முறை இங்குக் கருதத்தக்கது. கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, அதைத் தம் உடலில் கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பார்த்தார். ஊரார் நகைத்தனர். ஆனால் அச்சோதனையில் இரண்டு சரியான கூறுகள் இருந்தன: திரவம் இரத்தமாயிருந்தது, உடல் அசைந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றில் இவ்விரண்டும் இருப்பதில்லை.

1970களில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில், மாவுப்பொருளையும் செயற்கைப் பாலிமரையும் இணைத்து, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரை ஏற்கும் பொருளை உருவாக்கினர். மண்ணில் ஈரம் காப்பதற்கென எண்ணிய பொருள் அது. அந்த இனத்தைச் சேர்ந்த சோடியம் பாலிஅக்ரிலேட் பின்னர் ஜப்பானில் நாப்கினிலும் குழந்தைகளின் டயப்பரிலும் புகுந்தது. நாப்கின் இன்று சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மெலிந்திருப்பது இதனால்தான்.

இப்பாலிமரைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பல நூறு மடங்கு என்பது தூய நீருக்குரிய கணக்கு. நீரில் உப்புக் கலந்ததும் அத்திறன் சரிந்து சில பத்து மடங்காகிவிடும். இரத்தத்தில் இன்னும் குறையும். செல்களும் புரதங்களும் துகளின் மேற்பரப்பை மூடி உள்ளே செல்லும் நீரைத் தடுக்கின்றன. மேலும், துகள்கள் ஒரே இடத்தில் நெருங்கியிருந்தால் முதலில் நனைந்தவை உப்பிக் கூழாகி, பின்னால் வருவதற்கு அணை கட்டிவிடும். கொள்ளளவைக் கூட்டுவதற்காகப் பாலிமரை அள்ளிப் போட்ட நாப்கின் அதனாலேயே கசியக்கூடும். டயப்பருக்கு ஏற்ற பாலிமர் கலவையை அப்படியே நாப்கினுக்குப் பயன்படுத்துவதும் இவ்வகைத் தவறே.

‘அல்லது’ என்னும் சொல்

இனித் தரநிர்ணயத்துக்கு வரலாம். நாப்கினுக்கான ஐ.எஸ். 5405 என்னும் தரவரையறை முதலில் 1969இலும், திருத்திய வடிவில் 1980இலும், மீண்டும் 2019இலும் வெளியாயிற்று. துவைத்து மறுபடி பயன்படுத்தும் நாப்கினுக்கு ஐ.எஸ். 17514 என்னும் தனி வரையறை 2021இல் வந்தது. நாப்கினைப் பற்றி வாய் திறந்து பேசவே தயங்கிய காலத்தில், 1969இலேயே, அன்றைய இந்தியத் தர நிறுவனம் இதற்கென வரையறை வகுத்தது என்பது பாராட்டுக்குரியது.

நெடுங்காலம் கொள்முதலுக்கு அடிப்படையாயிருந்த 1980ஆம் ஆண்டுப் பதிப்பின் முக்கியச் சோதனை இது: நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டர் வீதம் 30 மில்லிலிட்டர் திரவம் விடப்படும், பின்னர் அதன் மேல் ஒரு கிலோகிராம் எடை ஒரு நிமிடம் வைக்கப்படும், அடியிலோ ஓரத்திலோ கசிவு தென்படக்கூடாது. எளிய, எங்கும் செய்யத்தக்க சோதனை. திரவம் எது என்பதில்தான் சிக்கல். வண்ணமிட்ட நீர், அல்லது உறையாமற் பதப்படுத்திய செம்மறி அல்லது வெள்ளாட்டு இரத்தம், அல்லது சோதனைத் திரவம் என்று அது கூறிற்று. வண்ண நீர் செலவின்றிக் கிடைப்பது. இரத்தம் பெறுவதோ தொல்லை. இரண்டும் ஒன்றே என வரையறை அனுமதிக்கும்போது சோதிப்பவர் எதைத் தேர்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீர் மெலிந்தது, விரைந்து பரவுவது, பாலிமரால் பெருமளவு ஏற்கப்படுவது. மாதவிடாய்த் திரவம் தடித்தது, மெல்ல நகர்வது, பாலிமரால் குறைவாகவே ஏற்கப்படுவது. நீரில் தேறிய நாப்கின் உண்மைப் பயனில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஓரிகான் மாநில ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், விற்பனையிலிருந்த 21 பொருள்களை நீருக்கும் உப்பு நீருக்கும் மாறாக மனித இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு சோதித்தனர். அதுவரை அத்தகைய ஒப்பீடு எதுவும் வெளியானதில்லை என்பதை அவர்களே வியப்புடன் குறிப்பிட்டனர். நூறாண்டு காலமாக விற்கப்படும் பொருளின் நிலை இது. நம் 1980ஆம் ஆண்டு வரையறை இரத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. ‘அல்லது’ என்னும் ஒரு சொல் அந்த முன்னேற்றத்தின் பயனைப் பெரும்பகுதி கெடுத்துவிட்டது எனலாம்.

திரவத்தை அடுத்து, நாப்கின் கிடக்கும் நிலை. சோதனையில் அது மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. எடை மேலிருந்து நேராக இறங்குகிறது. உடலிலோ அது வளைந்திருக்கிறது. அழுத்தம் இருபுறத் தொடைகளிலிருந்தும் வருகிறது. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள நாப்கின் நடக்க நடக்கக் கயிறு போல் சுருண்டு, பாதி அகலத்துக்கு வந்துவிடுவதுண்டு. அப்போது திரவம் விழ வேண்டிய இடம் நகர்ந்துவிடுகிறது. இரவில் படுத்திருக்கும்போது திரவம் பின்புறமாக வழியும். அதனால்தான் இரவுக்கெனப் பின்பகுதி அகன்ற, நீளமான நாப்கின்கள் தனியே உள்ளன. பக்கவாட்டுச் சிறகுகள் உள்ளாடையின் விளிம்பை மடித்துப் பற்றி, நாப்கின் நகராமல் நிறுத்துகின்றன. விளிம்பில் வழிவதையும் தடுக்கின்றன.

இங்கு ஒரு முன்நிபந்தனை மறைந்திருக்கிறது. அடிப்பசையும் சிறகும் இறுக்கமாகப் பொருந்தும் உள்ளாடை இருந்தால்தான் வேலை செய்யும். அடிப்பசை உடைய நாப்கின் 1970ஐ ஒட்டி மேல்நாடுகளில் வந்தபோது அங்கு அத்தகைய உள்ளாடை எல்லோரிடமும் இருந்தது. அதற்கு முன் இடுப்பில் கட்டும் வார்தான் வழக்கம். நம் சிற்றூர்களில் நெகிழ்ந்துபோன ஓரிரு உள்ளாடைகளே உள்ள சிறுமிக்கு உலகின் மிகச் சிறந்த நாப்கினைக் கொடுத்தாலும், உடலுக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகவே கசிவு தொடங்கிவிடும். நாப்கின் வழங்கும் திட்டங்களை வகுப்போர் உள்ளாடையைப் பற்றிச் சிந்தித்ததாகத் தெரியவில்லை. நாப்கினின் செலவு ஒரு துறையில், சீருடையின் செலவு வேறு துறையில் என்று இருப்பதால் இது யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை போலும்.

கொள்முதலின் கணக்கு

அரசு கொள்முதலில் குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம். அலுவலக வழக்கில் ‘எல்-1’ எனப்படும் இம்முறை பொதுப்பணத்தைக் காப்பதற்கு ஏற்பட்டது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விலை தவிர மற்ற யாவும் ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்பக் குறிப்பிலேயே அடங்கிவிட வேண்டும் என்பது அதன் உட்பொருள். குறிப்பில் எழுதப்படாத பண்பு எதுவும் வந்து சேராது. நீளம், அகலம், எடை, 30 மில்லிலிட்டர் என்று மட்டும் எழுதினால் அவை கிடைக்கும். பரப்பு அடுக்கு கிடைக்காது, ஏனெனில் அதற்கும் செலவு உண்டு.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு நாப்கின் ஒரு ரூபாய். இரண்டு மணி நேரத்தில் கசியத் தொடங்குகிறது. மற்றொன்று இரண்டரை ரூபாய். ஐந்து மணி நேரம் தாங்குகிறது. ஒரு மணி நேரப் பாதுகாப்புக்கான செலவு இரண்டிலும் ஐம்பது காசுதான். ஒப்பந்தப்புள்ளியில் முதலாவது வெல்லும். பள்ளியில் மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கழிவறையும் நீரும் குப்பைத்தொட்டியும் இருந்தால் இரண்டும் சமம் என்று கூறலாம். அவை இல்லாத பள்ளியில் முதலாவதை அணிந்த மாணவிக்கு எஞ்சிய நேரம் முழுவதும் பாதுகாப்பே இல்லை. அவள் வகுப்பில் எழுந்து நிற்க மாட்டாள், அல்லது வீட்டுக்குச் சென்றுவிடுவாள். அந்த இழப்பு எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. கசிந்த நாப்கினுக்கு விலை ஒரு ரூபாய் என்பதே பொருளியல் நோக்கில் பிழையான கூற்று.

செய்யக்கூடியவை பெருஞ்செலவானவை அல்ல. சோதனைத் திரவம் எது என்பதையும், அதன் தடிமன் எவ்வளவு என்பதையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே குறித்துவிடலாம். 30 மில்லிலிட்டரை ஒரே தவணையில் விடுவதற்கு மாறாக, சிறு சிறு அளவாக இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கச் சொல்லலாம்; மூன்றாம் முறை முதல் முறையைவிட மிகவும் தாமதமானால் பரப்பு அடுக்கு சரியில்லை என்று பொருள். எடையை எடுத்தபின் மேல்தாளில் ஒற்றுத்தாளை வைத்து, எவ்வளவு ஈரம் திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். நாப்கினை வளைத்து, இருபுறமும் நெருக்கிச் சோதிக்கலாம். கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ ஜவுளிக்கான உயர்சிறப்பு மையமாக விளங்குகிறது. இத்தகைய சோதனைகளுக்கு நாட்டில் வசதி இல்லை என்று ஒதுக்க முடியாது. மாதிரியை ஒப்பந்தக்காரர் கொண்டு வந்து தருவதை விடுத்து, வந்திறங்கிய சரக்கிலிருந்து, அதுவும் கோடை வெப்பத்தில் சில மாதம் கிடங்கில் கிடந்த சரக்கிலிருந்து எடுத்தல் நலம். வெப்பத்தில் அடிப்பசை இளகி, காப்புத்தாளைப் பிரிக்கும்போது அதோடு போய்விட்ட நாப்கின் மற்ற எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கலாம். அணிந்தவருக்கு அதனால் பயனில்லை.

தன்னுதவிக் குழுக்களின் நிலை வேறு. பெரிய ஆலைகளின் அடுக்கமைப்பை அவர்களிடம் எதிர்பார்க்க இயலாது. எதிர்பார்த்து அவர்களை ஒப்பந்தப்புள்ளியிலிருந்து விலக்குவதும் முறையன்று. கையால் அழுத்திச் செய்யும் நாப்கினில் கசிவு பெரும்பாலும் நான்கு இடங்களில் நேர்கிறது. கூழ் ஒருபுறம் அடர்ந்து மறுபுறம் மெலிந்திருப்பது முதலாவது. ஒவ்வொரு கூழ்ப்பட்டையையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் அச்சில் ஒரே சீராகப் பரப்புவதும் இதற்குப் போதும். நடக்கும்போது பட்டை நடுவில் உடைந்து இரண்டாகப் பிரிவது அடுத்தது. மெல்லிய திசுத்தாளில் பட்டையைச் சுற்றிவிட்டால் உடைவது குறையும். சில காசுகளே கூடுதல் செலவு. அடித்தாளில் ஊசித்துளைகள் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். ஒட்டு முழுமையாக இல்லாத ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் பொறி வேண்டாம், பழக்கம் வேண்டும். இயந்திரத்துக்கு மானியம் வழங்கும் திட்டங்கள் பயிற்சிக்கு ஒதுக்கும் நாட்கள் மிகக் குறைவு.

கசிவைத் தடுப்பதில் வெற்றி பெறும்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கரை எவ்வளவு உறுதியோ, நாப்கின் மட்குவது அவ்வளவு கடினம். அடித்தாளின் பாலித்தீனும் உள்ளிருக்கும் பாலிமரும் மண்ணில் எளிதில் மட்குவன அல்ல. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் தேர்ந்த நாப்கின், பள்ளிகளில் வைக்கப்படும் சிறு எரிகலன்களில் எளிதில் எரிவதுமில்லை. ஈரம் வெப்பத்தைக் குடித்துவிடப் புகைதான் மிஞ்சும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப் போட உறை வழங்குமாறு உற்பத்தியாளரைப் பணித்தன. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ‘திங்கள்’ என்னும் திட்டத்தின் வாயிலாக மாதவிடாய்க் கிண்ணங்களை வழங்கியது, கிண்ணம் உறிஞ்சுவதில்லை, ஏந்துகிறது, ஆண்டுக்கணக்கில் பயன்படும். அது எல்லா வயதினருக்கும் ஏற்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினில், நீர் புகாத மெல்லிய படலம் ஒட்டிய துணியைக் கரையாக வைத்துக் கசிவை ஓரளவு வென்றுள்ளனர்; அதை உலர்த்துவதற்கு வெயில் படும் கொடியும், பிறர் பார்வைக்குக் கூசாத மனமும் வேண்டும். வாழைநார் போன்ற பொருள்களைக் கொண்டு மட்கக்கூடிய நாப்கின் செய்வோரும் இருக்கின்றனர். அவற்றின் அடித்தாளைச் சோதிக்கும்போது, எத்தனை நாளில் மட்கும் என்று கேட்பதோடு, இரத்தம் பட்டு அழுத்தத்தில் இருக்கையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இவ்விரு எண்களையும் ஒரே தாளில் எழுதித் தரும் உற்பத்தியாளருக்குத் தொழில்நுட்ப மதிப்பீட்டில் இடம் கொடுப்பதற்கு இப்போதைய ஒப்பந்தப்புள்ளிப் படிவங்கள் பலவற்றில் கட்டமே இல்லை.